வன்னி வீட்டு மேசைக்குக் கணினி ஸ்பீக்கர் தெரிவுசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

கடைக்குப் போக முன்னம் அளவுநாடாவை எடுத்து மேசையை அளந்து எழுதி வையுங்கள். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கடைக்குள் நின்று கேட்டால் அநேகமாக எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். அதே ஸ்பீக்கர் தகரக் கூரையும் பூசாத கல்லுச் சுவரும் உள்ள அறையில், ஏறி இறங்கும் கரண்டில், சோளகம் அள்ளிக் கொட்டும் புழுதியில் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. அறை, கரண்ட், காலநிலை மூன்றையும் முதலில் பார்த்தால் தெரிவு தானாகவே இரண்டு மூன்று வகைக்குள் சுருங்கிவிடும். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் கணக்குக்குக் கடைசி இடம் கொடுத்தாலே போதும்.

இங்கே சொல்லப்படுவதெல்லாம் அம்பிளிபயர் உள்ளேயே இருக்கும் சிறிய ஸ்பீக்கர் சோடிகளைப் பற்றியது. தனி அம்பிளிபயர் தேவையில்லை. கணினியிலிருந்து ஒரு வயர், சுவரிலிருந்து ஒரு வயர், அவ்வளவுதான். பெரும்பாலான சோடிகளில் ஒரு பெட்டிக்குள் மட்டும் அம்பிளிபயர் இருக்கும். மற்றப் பெட்டிக்கு அதிலிருந்து ஒரு வயர் போகும். அந்த இடைவயர் சாதாரண இரட்டைச் செப்பு வயராக இருக்கும் மாதிரியைத் தெரிவுசெய்யுங்கள். கம்பனிக்கென்றே செய்த பல முள் பிளக் என்றால், எலி கடித்த அன்று அதற்கு மாற்று வயர் பரந்தனிலும் கிடைக்காது, கொழும்பிலும் இலகுவாகக் கிடைக்காது. சாதாரண வயர் என்றால் எந்தக் கடையிலும் 2 மீற்றர் வெட்டித் தருவார்கள்.

படி 1: மேசையை அளப்பது

24 அங்குலத் திரையின் அகலம் 53 சென்ரிமீற்றர். 4 அங்குலக் கூம்பு (அதிர்ந்து சத்தம் எழுப்பும் வட்டப் பகுதி) உள்ள ஸ்பீக்கர் பெட்டி ஒன்று ஏறத்தாழ 14 முதல் 15 செ.மீ. அகலம், 18 முதல் 20 செ.மீ. ஆழம். திரைக்கும் பெட்டிக்கும் இடையில் இரண்டு பக்கமும் 5 செ.மீ. விட்டால் மொத்தம் 93 செ.மீ. வரும். 3 அடி மேசை 91 செ.மீ. தான். ஆகவே 3 அடி மேசைக்கு 3 அல்லது 3.5 அங்குல வகையே பொருந்தும். 4 அடி மேசையில், அதாவது 122 செ.மீ. இல், 4 அங்குல வகை தாராளமாக நிற்கும்.

ஆழத்தையும் பாருங்கள். 2 அடி மேசை 61 செ.மீ. பெட்டிக்கு 20, அதன் பின்னால் சுவர்வரைக்கும் 10 விட்டால், தட்டச்சுப் பலகைக்கும் கைக்கும் 31 மிஞ்சும். அதற்கு மேல் பெரிய பெட்டி வைத்தால் அது நெஞ்சில் முட்டும். காதுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் 60 முதல் 90 செ.மீ. இருப்பது நல்லது.

மேசையின் பலகையைக் கைமுட்டியால் தட்டிப் பாருங்கள். முதிரை, பாலை, தேக்கு என்று கனமான பலகை என்றால் “டக்” என்று அடங்கும். மரத்தூள் அட்டையில் செய்த ஒட்டுப்பலகை மேசை “டொம்” என்று முழங்கும். முழங்கும் மேசை ஸ்பீக்கரின் அடிச்சத்தத்தோடு (பேஸ்) சேர்ந்து தானும் பாடும். இதைச் சரிசெய்யும் வழி பின்னால் வருகிறது.

படி 2: எதற்காக வாங்குகிறீர்கள்

இணைய வகுப்பு, செய்தி, வீடியோ அழைப்பு மட்டும் என்றால் 2 அங்குலக் கூம்பு உள்ள யூஎஸ்பி ஸ்பீக்கரே போதும். மனிதப் பேச்சின் தெளிவு பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது; சின்னக் கூம்பு அதை வடிவாகச் சொல்லும். கிரியேட்டிவ் பெபிள் இந்த வகைக்கு நல்ல உதாரணம். அதன் கூம்புகள் 45 பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், மேசையில் அப்படியே வைத்தாலும் சத்தம் காதுக்கு வரும்.

பாட்டும் படமும் கேட்கிறவருக்கு 3.5 முதல் 4 அங்குலம் சரி. கலியாணவீடு, சாமத்தியவீட்டு வீடியோ வெட்டி ஒட்டுகிற ஸ்ரூடியோக்காரரும், அறிவித்தல் ஒலிப்பதிவு செய்கிறவரும் இதே அளவில் “மொனிற்றர்” என்று விற்கப்படும் வகையைப் பார்க்க வேண்டும். அவை அடியையும் உச்சத்தையும் ஊதிக் காட்டாமல், பதிவில் உள்ளதை உள்ளபடி காட்டச் செய்யப்பட்டவை. ஊதிக் காட்டும் ஸ்பீக்கரில் கேட்டு வீடியோவுக்கு ஒலி சேர்த்தால், அடி ஏற்கெனவே போதும் என்று குறைத்துவிடுவீர்கள். பிறகு வாடிக்கையாளர் வீட்டு ரீவியில் போட்டுப் பார்க்கும்போது தவில் தகரம் தட்டுவது போலக் கேட்கும்.

படி 3: வாட் கணக்கை உடைத்துப் பார்ப்பது

பெட்டியில் “1200 வாட் பிஎம்பிஓ” என்று போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். பிஎம்பிஓ என்பதற்கு ஒழுங்கான அளவுமுறை கிடையாது. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வலு. அதுவும் போடவில்லை என்றால் பின்பக்க ஒட்டுத்தாளையோ அடப்டரையோ பாருங்கள். 12 வோல்ற், 1.5 அம்பியர் என்று இருந்தால் பெருக்கினால் 18 வாட். 18 வாட் உள்ளே போகும் பெட்டியிலிருந்து 1200 வாட் தொடர்ந்து வெளியே வராது. யூஎஸ்பி 2.0 துளை 5 வோல்ற்றில் 0.5 அம்பியர் தரும், அதாவது 2.5 வாட். யூஎஸ்பி 3.0 என்றால் 0.9 அம்பியர், 4.5 வாட். இந்தத் துளைகளில் மட்டும் ஓடும் ஸ்பீக்கரின் எல்லை ஏறக்குறைய அதுதான்.

அப்படியானால் எத்தனை வாட் வேண்டும்? சிறிய ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 85 டெசிபல் கேட்கும். நீங்கள் இருப்பது 70 செ.மீ. இல், அதற்கு 3 டெசிபல் கூடும். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் இன்னொரு 3. மொத்தம் 91. பக்கத்தில் இருந்து சாதாரணமாகக் கதைக்கும் சத்தம் 60 டெசிபல் அளவு. ஆக, ஒரு வாட்டே மேசைக்குப் பெரிய சத்தம். பாட்டில் திடீரென எழும் தவில் அடிக்கும் பறை அடிக்கும் இடம் விட்டு வைக்கத்தான் மிச்ச வலு. பக்கத்துக்கு 10 முதல் 25 வாட் ஆர்எம்எஸ் இருந்தால் மேசைக்கு நிறைவு. வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல் மட்டுமே கூடும். அதற்காக இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு எல்லை. நாள் முழுக்க மேசையில் இருப்பவர்கள் இதை மனதில் வைத்திருப்பது காதுக்கு நல்லது.

படி 4: கூம்பின் அளவும் அடிச்சத்தமும்

ஆண்குரலின் அடிச் சுருதி ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது. 2 அங்குலக் கூம்பு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் தராது. பிரிசோனஸ் ஈரிஸ் 3.5 மாதிரி 3.5 அங்குலக் கூம்பு உடையது; 80 ஹெர்ட்ஸ் வரை என்று கம்பனி சொல்கிறது. 4 அங்குலக் கூம்புள்ள எடிஃபயர் எம்ஆர்4 இற்கு 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறார்கள். இந்த எண்களைப் பார்க்கும்போது பக்கத்தில் “±3 டெசிபல்” என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் வெறும் “40 ஹெர்ட்ஸ்” என்று போட்டால், அந்த இடத்தில் சத்தம் மற்றச் சுரங்களை விட 10 டெசிபல் தாழ்ந்தும் இருக்கலாம். அப்போது 40 ஹெர்ட்ஸ் இருந்தும் இல்லாத மாதிரித்தான்.

கீழே தனிப் பெட்டி வைக்கும் 2.1 வகையைப் பற்றி எங்கள் கருத்து இது: சின்ன அறைக்கு, அதுவும் தகரக் கூரைக்கு, அது வேண்டாம். சீமெந்து நிலத்தில் மேசைக்குக் கீழே, இரண்டு சுவர் சந்திக்கும் மூலையில்தான் அந்தப் பெட்டிக்கு இடம் கிடைக்கும். நிலமும் இரண்டு சுவரும் சேர்ந்து அடிச்சத்தத்தைப் பல மடங்கு ஊதிவிடும். கூரையில் தளர்ந்த ஆணி ஒவ்வொன்றும் கிறுகிறுக்கும். பாட்டின் தாளத்தைவிடத் தகரத்தின் அதிர்வே கேட்கும். அதே காசுக்கு நல்ல 4 அங்குலச் சோடி வாங்குவது மேல்.

படி 5: கரண்ட்

இங்கே ஆறுதலாக நிற்க வேண்டும். வன்னியில் ஸ்பீக்கர் பழுதாகும் வழிகளில் கூடுதலானவை சுவர்ப் பிளக் பக்கமிருந்தே வருகின்றன.

முதலில் வோல்ற். இலங்கையில் 230 வோல்ற், 50 ஹெர்ட்ஸ். கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஸ்பீக்கர் 120 வோல்ற்றுக்கு மட்டும் செய்ததாக இருக்கலாம். அதைப் பிளக் மாற்றி அப்படியே செருகினால் ஒரு கணத்தில் கருகிவிடும். பின்பக்க ஒட்டுத்தாளை வெளிச்சத்தில் பிடித்து வாசியுங்கள். 100–240 வோல்ற் என்று இருந்தால் பயமில்லை. மாலையில் வோல்ற் விழுந்தாலும் அது ஓடும். 120 மட்டும் என்றால் 230 ஐ 110 ஆகக் குறைக்கும் ரான்ஸ்போமர் வேண்டும். 60 வாட் எடுக்கும் ஸ்பீக்கருக்கு 150 முதல் 200 விஏ (வோல்ற்-அம்பியர்) போதும். சிலவற்றில் 115/230 என்று சின்னச் சிவப்பு ஆளி இருக்கும். வயரைக் கழற்றியபின் அதை 230 இற்குத் தள்ளுங்கள். அதோடு ஃபியூஸையும் மாற்ற வேண்டும்: 230 இற்கான ஃபியூஸ் ஏறத்தாழ அரைவாசி அம்பியர். அளவு ஃபியூஸ் மூடிக்கருகில் எழுதியிருக்கும். பழைய பெரிய ஃபியூஸே கிடந்தால் பழுது வரும் நாளில் அது உருகாது, உள்ளே இருக்கும் ரான்ஸ்போமர்தான் உருகும்.

இலண்டனிலிருந்து வந்தது என்றால் வோல்ற்றும் பிளக்கும் இங்குள்ள 13 அம்பியர் சதுர முள்ளுக்குச் சரி. ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸிலிருந்து வந்தால் வோல்ற் சரி, பிளக் மட்டும் வேறு. வயர் ஸ்பீக்கரிலிருந்து கழன்று வரும் வகை என்றால் அடப்டர் தேடாமல், அதே முனையுள்ள 13 அம்பியர் வயரை இங்கேயே வாங்கிப் போடுங்கள். உருண்டை முள்ளை 5 அம்பியர் துளைக்குள் நெருக்கித் தள்ளுவது எர்த் இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம்.

எர்த் விஷயத்தில் இன்னொன்று. கோடையில் மண் காய்ந்து வெடிக்கும்போது எர்த் கம்பியின் தடை ஏறும். ஸ்பீக்கரில் இரைச்சல் மாரியில் இல்லாமல் ஆவணியில் வருகிறது என்றால் முதலில் அந்தக் கம்பியைச் சந்தேகியுங்கள். வயரிங் செய்கிறவரைக் கொண்டு அளந்து பார்ப்பிக்கலாம். கம்பியைச் சுற்றி மண்ணை ஈரமாக வைத்திருப்பதும் உதவும். ரிப் சுவிச்சையும் அன்றே அமத்திச் சோதியுங்கள்.

இடி மின்னல் பற்றி: சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரம் மேற்கே கறுத்தால் சுவர்ப் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிச்சை நிற்பாட்டுவது போதாது. கணினிக்கும் ஸ்பீக்கருக்கும் இடைப்பட்ட வயரையும், இணைய ரவுட்டரிலிருந்து வரும் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். ரவுட்டர் வழியாக வரும் அதிர்ச்சி கணினிக்குள் நுழைந்து ஒலி வயர் வழியாக ஸ்பீக்கரையும் கொண்டு போகும். மின்னல் பக்கத்தில் விழுந்தால் “சேர்ஜ்” பாதுகாப்புப் பலகை காப்பாற்றும் என்று நம்பக் கூடாது. அது கரண்ட் போய் வரும்போது எழும் சின்ன அலைகளுக்கு மட்டும்.

சிறிய யூபிஎஸ் பெட்டிகள் பற்றரியில் ஓடும்போது தருவது ஒழுங்கான சைன் அலை அல்ல, படிப்படியாக வெட்டிய அலை. உள்ளே இரும்பு ரான்ஸ்போமர் உள்ள ஸ்பீக்கர் அந்த நேரம் “ஜ்ஜ்ஜ்” என்று முனகும். யூபிஎஸ்ஸில் பற்றரி இல்லாத, பாதுகாப்பு மட்டும் உள்ள துளை இருந்தால் ஸ்பீக்கரை அதில் செருகுங்கள். கரண்ட் போனால் கணினி நிற்கும்வரை சத்தமில்லாமல் வேலையைச் சேமித்துக்கொள்ளலாம்.

படி 6: வயரும் துளைகளும்

கணினியின் பின்பக்கப் பச்சைத் துளையிலிருந்து 3.5 மி.மீ. முனையும் மறுபக்கம் இரண்டு ஆர்சிஏ முனையும் (ரீவியில் செருகும் சிவப்பு, வெள்ளை உருண்டை முனைகள்) உள்ள 1.5 மீற்றர் வயர், இதுவே பெரும்பாலானோருக்குப் போதும். முன்பக்கத் துளையைத் தவிருங்கள். அது பெட்டிக்குள் நீண்ட மெல்லிய வயரில் வருவதால், சுட்டியை அசைக்கும்போதெல்லாம் கீச்சுச் சத்தம் ஏறும். ஸ்பீக்கரிலேயே யூஎஸ்பி ஒலி உள்ளீடு இருந்தால் அதுவும் நல்லது. கணினிக்குள் இருக்கும் இரைச்சலில் பெரும்பங்கு கழிந்துவிடும்.

மொனிற்றர் வகையில் 6.35 மி.மீ. டிஆர்எஸ் துளைகள், அதாவது மூன்று தொடுமுனை உள்ள தடித்த பிளக்குக்கான துளைகள், இருக்கும். இங்கே பலர் விடும் பிழை ஒன்று உண்டு. 3.5 மி.மீ. ஸ்ரீரியோ முனைக்கு 6.35 ஸ்ரீரியோ மாற்றி ஒன்றைப் போட்டு ஒரே துளையில் செருகிவிடுவார்கள். அந்தத் துளை இடதிலிருந்து வலதைக் கழித்துக் கேட்கும். நடுவில் பதிந்த பாடகர் குரல் அப்படியே மறைந்து, பின்னணி இசையும் எதிரொலியும் மட்டும் மிதக்கும். ஸ்பீக்கர் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவார்கள். வாங்க வேண்டியது 3.5 ஸ்ரீரியோவிலிருந்து இரண்டு தனித்தனி 6.35 மோனோ முனைகளாகப் பிரியும் வயர்.

புளூடூத் பாட்டுக்கு வசதி. வீடியோ வெட்டுகிறவருக்கு அது உதவாது: சத்தம் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு தொடக்கம் கால் பங்கு வரை பிந்தி வரும். உதடும் சொல்லும் பொருந்தாது.

படி 7: புழுதி, உப்பு, பூச்சி

கூம்பைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். றப்பர் என்றால் மினுங்கலாக, வளைந்து கொடுக்கும். பஞ்சு வளையம் மங்கலாக, நுண்துளையோடு இருக்கும். எங்கள் வெக்கைக்கும் ஈரக்காற்றுக்கும் பஞ்சு வளையம் சில வருடங்களில் பொடிந்து உதிரும். பிறகு ஒவ்வொரு அடிக்கும் கரகரக்கும். பழைய ஸ்பீக்கர் வாங்கும்போது இது முதற் சோதனை. புதியது வாங்கும்போதும் றப்பர் வளையத்தையே கேளுங்கள்.

முல்லைத்தீவு, மாத்தளன் பக்கம் கடற்கரைக்கு அருகில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றுப் பிரச்சினை வேறு. முனைகளில் பச்சை படியும், சத்தம் ஒரு பக்கம் விட்டு விட்டு வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முனையைக் கழற்றி, மருந்துக்கடையில் வாங்கும் ஐசோபுரோபைல் அல்ககோலைத் துணியில் தொட்டுத் துடைத்து, பத்துத் தடவை செருகி எடுங்கள். சத்தக் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் அது உள்ளே போன புழுதி. கரண்ட்டைக் கழற்றிவிட்டுக் குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுதாக 30 தடவை திருப்புங்கள். பெரும்பாலும் சரிவரும். வராவிட்டால் இலத்திரனியல் கடையில் கிடைக்கும் தொடுமுனை சுத்திகரிப்பு ஸ்பிறே ஒரு துளி போதும்.

ஸ்பீக்கர் பெட்டியின் பின்னாலோ முன்னாலோ உருண்டைத் துளை ஒன்று இருக்கும். காற்று போய்வரும் அந்தக் குழாய் அடிச்சத்தத்துக்காக வைத்தது. வேட்டாளிக் குளவிக்கு அது கட்டிவைத்த வீடு மாதிரி. இரண்டு கிழமை பாவிக்காமல் விட்டால் உள்ளே மண்கூடு வைத்துவிடும். பிறகு அடி மங்கும், மண் உதிர்ந்து கூம்பில் விழுந்து கரகரக்கும். ஊருக்குப் போகும்போது துளைக்குள் ஒரு காலுறையைச் சுருட்டி அடையுங்கள். பல்லி புகுந்து பலகையில் படுத்தால் ஃபியூஸ் போகும். வெப்பம் இருக்கும் இடத்தைத் தேடி அது வரும் என்பதால் இரவில் ஸ்பீக்கரைக் காத்திருப்பு நிலையில் விடாமல் சுவர் சுவிச்சில் நிற்பாட்டுவது நல்லது. பாவிக்காத நேரம் பருத்தித் துணியால் மூடுங்கள். ஓடும்போது மூடக் கூடாது, பின்பக்கத் தகட்டின் சூடு வெளியேற வேண்டும்.

படி 8: கடையில் சோதிப்பது

உங்கள் போன், அதற்குரிய வயர், நன்றாகத் தெரிந்த மூன்று பதிவுகள், இவ்வளவும் கையில் இருக்கட்டும். ஒன்று ஆள் கதைப்பது, ஒன்று நாதஸ்வரமும் தவிலும், ஒன்று அடி கூடிய பாட்டு. ஒழுங்கு இப்படி:

1. எதுவும் ஓட்டாமல் சத்தக் குமிழை முழுதாகத் திறந்து, ஒரு முழம் தள்ளிக் காதை வையுங்கள். மெல்லிய “ஸ்ஸ்” வரலாம். “ம்ம்ம்” என்ற முனகல் வந்தால் வேறு பிளக்கில் செருகிப் பாருங்கள்; அங்கும் வந்தால் அந்தச் சோடியை விடுங்கள்.
2. ஆள் கதைக்கும் பதிவை மிகக் குறைந்த சத்தத்தில் ஓட்டுங்கள். மலிவான குமிழில் இந்த இடத்தில் ஒரு பக்கம் மட்டும் கேட்கும். இரவில் குறைத்துக் கேட்கிறவருக்கு இது பெரிய தொல்லை.
3. இரண்டுக்கும் நடுவில் இருந்து கேளுங்கள். குரல் நேர் நடுவில், ஒரு ஆள் நிற்பது போல வர வேண்டும். பரந்து, எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாமல் இருந்தால் ஒரு பக்க வயர் மாறிப் பூட்டியிருக்கிறது: சிவப்பையும் கறுப்பையும் மாற்றுங்கள்.
4. 60 இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் சுருதிப் பதிவை நடுத்தரச் சத்தத்தில் விடுங்கள். ஓரிடத்தில் மட்டும் கிறுகிறுத்தால் பெட்டியின் பூட்டாணியோ கூம்போ தளர்வு.
5. தவிலை நீங்கள் கேட்கும் உச்சச் சத்தத்தில் போடுங்கள். வலந்தலை அடியும் தொப்பி அடியும் தனித்தனியாகப் பிரிந்து வர வேண்டும். இரண்டும் ஒன்றாகக் குழைந்தால் அந்தப் பெட்டி அடியை ஊதுகிறது.

பழைய ஸ்பீக்கர் என்றால் இருபது நிமிடமாவது ஓடவிட்டுக் கேளுங்கள். சூடேறிய பிறகுதான் பழுதான கொண்டன்சர் முனகத் தொடங்கும்.

உத்தரவாதம் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை வருடம் என்பதோடு நிற்காது. பழுதானால் ஏ9 வீதியால் கொழும்புக்கு அனுப்பி எடுக்கும் செலவு யாருடையது, கடை எடுத்துக்கொள்ளுமா, எத்தனை கிழமை பிடிக்கும்? பற்றுச்சீட்டில் தொடரிலக்கத்தை எழுதுவியுங்கள். பெட்டியையும் உள்ளே இருந்த ரெஜிபோம் அச்சையும் எறியாதீர்கள். அது இல்லாமல் பஸ் பார்சலில் போட்டால் கூம்பு கிழிந்துதான் போய்ச் சேரும்.

படி 9: மேசையில் வைப்பது

இரண்டு ஸ்பீக்கருக்கும் இடைத்தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைக்கு உள்ள தூரமும் ஒரே அளவாக இருக்கட்டும்: 70 செ.மீ. என்றால் மூன்று பக்கமும் 70. முகங்கள் காதை நோக்கி உள்ளே திரும்பியிருக்க வேண்டும்.

உயரத்தில்தான் அநேகமாக எல்லோரும் தவறவிடுகிறார்கள். கதிரையில் இருக்கும்போது காது மேசைக்கு மேல் 40 செ.மீ. அளவில் இருக்கும். சிறிய பெட்டியின் கீச்சுக் கூம்பு, அதாவது உச்சச் சத்தம் தரும் சின்னக் கூம்பு, 16 முதல் 18 இல் நிற்கும். உச்சச் சத்தம் நெஞ்சில் பட்டு, காதுக்கு மங்கலாக வரும். 10 செ.மீ. உயரக் கட்டை ஒன்றை அடியில் வைத்து, முன்பக்கம் 3 முதல் 3.5 செ.மீ. தூக்கிச் சாய்த்தால் கீச்சுக் கூம்பு நேரே காதைப் பார்க்கும். துண்டுக் கல்லைத் துணியால் சுற்றி வைத்தாலும் வேலை நடக்கும். கட்டைக்கும் பெட்டிக்கும் இடையில் தேய்ந்த றப்பர்ச் செருப்பின் அடியை 3 செ.மீ. சதுரமாக நாலு துண்டு வெட்டி, மூலைக்கு ஒன்று வையுங்கள். பெட்டியின் அதிர்வு மேசைக்கு இறங்காது. முழங்கும் ஒட்டுப்பலகை மேசையில் வித்தியாசத்தை அந்த நிமிடமே கேட்பீர்கள். கடையில் விற்கும் பஞ்சு மெத்தைத் துண்டு செய்வதும் இதைத்தான்.

பின்துளை உள்ள பெட்டியைச் சுவரிலிருந்து 10 செ.மீ. ஆவது தள்ளி வையுங்கள். 20 இருந்தால் இன்னும் நல்லது. அப்படியும் அடி முழங்கினால் அதே காலுறையைத் துளைக்குள் பாதி அடைத்துப் பாருங்கள். சுவருக்கு ஏற்ற மாதிரி அடியைக் குறைக்கும் ஆளி பின்னால் இருந்தால் அதையும் பாவியுங்கள்.

அறை நடுவில் நின்று கையைத் தட்டுங்கள். “ட்ரிங்” என்று இழுபட்டால் பூசாத சுவரும் சீமெந்து நிலமும் சத்தத்தை எறிந்து விளையாடுகின்றன. மெல்லிய சீலைத் துணி உச்சச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குடிக்கும். தடித்த யன்னல்சீலை, உடுப்பு நிறைந்த கொடி, புத்தகத் தட்டு, சுவரோடு சாய்த்த மெத்தை ஆகியவை நன்றாகக் குடிக்கும். உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரையும் ஸ்பீக்கருக்குப் பக்கத்துச் சுவரையும் முதலில் கவனியுங்கள்.

கணினியில் ஒலியளவை 80 இல் வைத்துவிட்டு, கூட்டிக் குறைப்பதை ஸ்பீக்கர்க் குமிழால் செய்யுங்கள். மாறாகக் கணினியை 20 இல் வைத்துக் குமிழை முழுதாகத் திறந்தால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். விண்டோஸில் ஒலி மேம்பாடு என்று இருக்கும் எல்லாவற்றையும் நிற்பாட்டுங்கள்.

முனகல் வந்தால்

மடிகணினி என்றால் சார்ஜரைக் கழற்றுங்கள். முனகல் உடனே நின்றால் காரணம் எர்த் வளையம்: கணினியும் ஸ்பீக்கரும் இரண்டு வழியால் எர்த்துக்குப் போய், அந்த வளையத்தில் கரண்ட் ஓடுகிறது. இரண்டையும் ஒரே பல்துளைப் பலகையில் செருகுங்கள். அதிலும் நிற்காவிட்டால் 3.5 மி.மீ. வயரின் நடுவில் போடும் எர்த் வளைய ஐசொலேற்றர் ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். உள்ளே இரண்டு குட்டி ரான்ஸ்போமர் மட்டுமே உள்ள எளிய பொருள் அது. எர்த் முள்ளை உடைத்து முனகலைத் தீர்க்கச் சொல்லி யாரும் சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே ஒரு வயர் கழன்று தகட்டில் பட்ட நாளில், ஈரக் கையோடு குமிழைத் தொடும் பிள்ளையின் உடம்புதான் எர்த் ஆகும்.

சார்ஜரைக் கழற்றியும் முனகினால் ஒலி வயரையும் கழற்றுங்கள். அப்போது நின்றால் வயர் பழுது, அல்லது அது கரண்ட் வயரோடு ஒட்டிக் கட்டியிருக்கிறது. ஒரு சாண் தள்ளிப் பிரித்துப் போடுங்கள். எல்லாம் கழற்றியும் முனகினால் பழுது ஸ்பீக்கருக்குள். உத்தரவாதம் இருக்கும்போதே பெட்டியில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஆணியைக் கழற்றித் திறந்து பார்த்தால் உத்தரவாதம் போய்விடும்.

போன் அழைப்பு வருமுன் “டிக் டிக் டிக்” என்று ஒரு தாளம் கேட்டால் அது பழுதல்ல. போனை மேசையின் மறுகரைக்குத் தள்ளி வைத்தால் நின்றுவிடும். மாரியில் தகரத்தில் மழை கொட்டும் நேரம் குமிழை ஏற்றாமல் ஹெட்போனைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சத்தத்துக்கு மேலாகப் பாட வைத்தால் 4 அங்குலக் கூம்பின் சுருள் சூடேறி, மழை விடும்போது ஒரு பக்கம் ஊமையாகியிருக்கும்.